கைவிலங்கைப் பூட்டியவரே பிடித்துக்கொள்ள வேண்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வாசிகசாலை முற்றத்தில் பாய் விரித்து இருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘கைது செய்து கொண்டுபோகும்போது முதலிடம் எதற்கு? தப்பவிடாத இறுக்கத்துக்கா, பிடிபட்டவரின் உயிருக்கும் மானத்துக்குமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. நான் உயிரின் பக்கம், மானத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி, “ஆள் ஓடித் தப்பினால் அந்தப் பொலிஸ்காரரின் வேலைக்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாகனம் பத்தாது, ஆள் பத்தாது, கோடு கச்சேரிக்குத் தூரமும் கூட. அதை நான் மறுக்கவில்லை. கட்டவே கூடாது என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவும் இல்லை. கட்டிய பிறகு நடப்பதைத்தான் கேட்கிறோம்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வருகிற பஸ். எனக்கு முன் சீற்றில் ஒரு நடுவயது மனிதர், பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். மனிதரின் இரண்டு கையும் மடியில், மேலே ஒரு துவாய். துவாய் எதை மூடுகிறது என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஓரிடத்தில் மாட்டுப்பட்டி குறுக்கே வந்தது, சாரதி பிரேக் அடித்தார். நாங்கள் எல்லோரும் எட்டி ஏதோ ஒரு கம்பியைப் பிடித்தோம். அந்த மனிதருக்குப் பிடிக்கக் கை இல்லை. நேரே போய் முன்சீற்று இரும்பில் வாய் அடிபட்டது. உதடு வெடித்து இரத்தம். அதைத் துடைக்கவும் கை இல்லை. எதிரே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை பார்க்கிறாள் என்று முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பொலிஸ்காரர் தன் லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார். பிறகு மாங்குளம் வரும்வரை, சின்னப் பிள்ளையை மறிப்பது போல, தன் கையை அந்த மனிதரின் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டே வந்தார்.

நடுவர் ஐயா, எங்கள் அணியின் வாதம் முழுக்க அந்த ஒரு கைக்குள் இருக்கிறது. ஒருவரின் கையை அரசாங்கம் பூட்டினால், அந்த நேரம் முதல் அவருக்குக் கையாக இருக்க வேண்டியது அரசாங்கம். விழாமல் பிடிப்பது, தண்ணீர் கொடுப்பது, மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது எல்லாம் பூட்டியவரின் கடமை. அந்தப் பொலிஸ்காரர் நல்ல மனிதர், அதனால் செய்தார். நல்ல மனிதர் கிடைக்காத நாளில் என்ன செய்வது?

சட்டம் இருக்கிறது. எங்கள் இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் பாருங்கள். தப்பாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் எந்தக் கட்டுப்பாடும் போடக்கூடாது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை ஒருவரை இழிவாக நடத்துவதையும் தடுக்கிறது. இந்தியாவில் 1980இலேயே உச்ச நீதிமன்றம், எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் விலங்கு போடுவது மனிதத் தன்மையற்றது என்று சொல்லிவிட்டது. ஆகவே, இறுக்கம்தான் முதலிடம் என்று எதிரணி சொல்வது எங்கள் நாட்டுச் சட்டத்துக்கே எதிரானது.

குப்புறப் படுக்கவைத்து, கையைப் பின்னுக்குக் கட்டி, முதுகில் முழங்காலை ஊன்றுவதைப் பற்றியும் பேச வேண்டும். அந்த நிலையில் நெஞ்சுக்கூடு சரியாக விரியாது, வயிறு மண்ணில் நசுங்கும். ஆள் மூச்சுக்காகத் துடிப்பார். மேலே இருப்பவருக்கு அது திமிறுவது போலத் தெரியும், இன்னும் அழுத்துவார். கைவிலங்கு போட்ட உடனேயே வயிற்றில் கிடக்கவிடாமல் எடுங்கள் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 1995இலேயே எழுதிவைத்தது. அப்படியிருந்தும் 2020இல் மினியாபொலிஸ் தெருவில் ஜோர்ஜ் பிளாய்ட் 9 நிமிடத்துக்கு மேல் முழங்காலின் கீழ் கிடந்து செத்தார். எங்கள் நாட்டில் 2021 மார்ச்சில் பன்னிப்பிட்டியவில், நடுவீதியில் கிடந்த லொறிச் சாரதியின் மேல் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் ஏறிக் குதித்ததைக் கைத்தொலைபேசியில் எல்லோரும் பார்த்தோம்.

வண்டிக்கு வருகிறேன். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிரெடி கிரே என்ற 25 வயது இளைஞரைப் பிடித்து, கைக்கும் காலுக்கும் விலங்கு போட்டு, இருக்கைப் பட்டி கட்டாமல் பொலிஸ் வானில் ஏற்றினார்கள். ஏற்றும்போது உயிரோடு கத்திக்கொண்டு போனவர், இறக்கும்போது கழுத்தில் முள்ளந்தண்டு முறிந்து கிடந்தார். ஒரு கிழமையில் இறந்தார். பட்டி கட்ட வேண்டும் என்று அந்தப் பொலிசுக்கு விதி இருந்தது. ஆறு பேர்மீது வழக்கு வந்தது, ஒருவரும் குற்றவாளியாகவில்லை. அது தார் போட்ட மாநகர வீதி, நடுவர் ஐயா. எங்கள் குளக்கட்டு ரோட்டையும் கிரவல் ரோட்டையும் நினைத்துப் பாருங்கள். பின்கை கட்டி கப் வாகனத்தின் திறந்த பின்தட்டில் குந்தவைத்த மனிதரை உலுப்பி எடுக்க, சாரதி வேண்டுமென்று ஓட்டத் தேவையில்லை. கிடங்கே போதும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்த இடத்தில் இருந்து நீதவானிடம் போகிற பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. மணிக்கூடு வண்டிக்குள் நின்றுவிடுகிறது. 2021 மே மாதம் மேல் மாகாணத்தில், ஒளித்த ஆயுதத்தைக் காட்டவென்று பொலிஸ் கூட்டிச் சென்ற இருவர் சில நாள் இடைவெளியில் சுடப்பட்டு இறந்தார்கள். சட்டத்தரணிகள் சங்கமே கேள்வி எழுப்பியது.

“ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இலேசு” என்று எதிரணித் தங்கை சொல்லிக் கைதட்டு வாங்கினார். தங்கச்சி, எங்கள் பெடியள் காக்கியைக் கண்டு ஓடுவது குற்றம் செய்ததால் மட்டுமா? இங்கே வண்டியில் ஏறிப் போனவர்களின் கதை எங்களுக்குத் தெரியாதா? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் குந்தினார்கள். 2009இல் போர் முடிவில் இராணுவத்திடம் கையால் பிடித்துக் கொடுத்த பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டம், இறக்கினதைக் காணேல்லை என்று சொல்லும் அம்மா இந்த வன்னியில் எத்தனை பேர்! அந்த மண்ணில் ஒரு ஜீப் வீட்டு வாசலில் நிற்கும்போது, “எங்க கொண்டு போறியள்?” என்ற கேள்விக்கு உடனே, எங்கள் மொழியில் பதில் வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய காசு பிடிக்கும் விஷயமும் இல்லை. வண்டி இலக்கமும் ஏற்றிய நேரமும் இறக்கிய நேரமும் புத்தகத்தில் பதியட்டும், ஒரு பிரதி வீட்டாருக்குக் கிடைக்கட்டும். தட்டில் குந்தவைக்காமல் சீற்றில் இருத்தி பட்டி கட்டட்டும். பெண்ணைக் கொண்டுபோனால் பெண் பொலிஸ் கூடப் போகட்டும். விலங்கின் இறுக்கத்தை விரல் விட்டுப் பார்க்கட்டும். விறைத்த கைக்குப் பிறகு மண்வெட்டி பிடிபடாது, இது கமம் செய்கிற ஊர்.

அம்மாமாரே, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அடுப்படிச் சுவரில் எழுதிவையுங்கள். உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை, அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

மணி அடித்துவிட்டது. நடுவர் ஐயா, அந்த பஸ்ஸில் குறுக்கே நீண்ட கையை நினைத்துக்கொண்டு தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.