கல்லடிக்கு அப்பால் கிடக்கும் பிள்ளைகள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 9 என்றால் மட்டக்களப்பில் சித்திரை வருசத்துக்கு ஆயத்தமாகிற நேரம். வீடு துப்புரவாக்குவதும், பலகாரத்துக்கு மாவிடிப்பதும், உடுப்புக்கடை ஏறி இறங்குவதுமாக நாள் போய்விடும். இரண்டாம் உலக யுத்தம் நடந்த 1942 ஆம் ஆண்டு அதே நாளில், நம் கல்லடிக் கரைக்கு அப்பால், ஒரே கப்பலில் 307 பேர் இறந்து போனார்கள்.

கப்பலின் பெயர் ஹேர்மிஸ். பிரித்தானியக் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல். யப்பானியர் திருகோணமலையைத் தாக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை முதல் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஹேர்மிஸும், அதற்குத் துணையாக அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற போர்க்கப்பலும் தெற்கே இறங்கி வந்தன. விமானம் தாங்கிக் கப்பல் என்று பெயர்தான், அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. யப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. காலை பத்தரை மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. பதினொரு மணிக்கு முன்னரே ஹேர்மிஸ் கடலுக்குள் போய்விட்டது. வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அன்று மூழ்கின. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்து, தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கி எடுத்தது.

யுத்தக் கணக்கு இவ்வளவும்தான். நான் கதைக்க வந்தது அந்தப் பெடியன்களைப் பற்றி.

பெடியன்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பதினெட்டு, இருபது வயதுக்காரர் பலர். இங்கிலாந்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, தென்னாபிரிக்காவிலிருந்து தொண்டர்களாகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 1917 இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது: இறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர் இருக்க வேண்டும், தளபதிக்கும் சாதாரண மாலுமிக்கும் வேறுபாடு பார்க்கக் கூடாது. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை வைக்க வழியில்லை. அதனால் பிளைமவுத் போன்ற துறைமுக நகரங்களில் உள்ள நினைவுத் தூண்களில் அவர்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஆணைக்குழுவின் பதிவேட்டில் பல பெயர்களுக்குக் கீழே வயதும் ஊரும் இருக்கும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன் என்றும் இருக்கும். அந்த வரியை வாசித்தபோது 307 என்ற எண் எனக்கு மறந்தே போனது. தகப்பனும் தாயும் உள்ள ஒரு பிள்ளை, அவர்கள் ஒருநாளும் கண்டிராத நம் கடலில் கிடக்கிறான்.

வெள்ளைக்காரன் நம்மை ஆண்டவன், அவனுடைய படையாளுக்கு நாம் ஏன் அழ வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டது உண்மை. இலங்கையை யாரும் அவனிடம் காக்கச் சொல்லவில்லை, அதுவும் உண்மை. ஆனாலும் பத்தொன்பது வயதுப் பெடியனா சாம்ராச்சியத்தை நடத்தினான்? அவனை அனுப்பினார்கள், அவன் வந்தான். அந்த விமானங்களில் வந்து திரும்பிப் போகாத யப்பானியப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

உடல் கிடைக்காத சாவு எப்படிப்பட்டது என்று மட்டக்களப்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நாட்டு யுத்தத்தில் போன பிள்ளை எங்கே கிடக்கிறான், எந்தத் திகதியில் திவசம் கொடுப்பது என்று தெரியாத வீடுகள் இங்கே எத்தனை! படம் ஒன்றை நெஞ்சோடு பிடித்தபடி வீதியில் நின்ற அம்மாமாரை நீங்களும் கண்டிருப்பீர்கள். எந்தச் சீருடையில் போனாலும், சீருடையே இல்லாமல் போனாலும், அந்த அம்மாவுக்கு அவன் பிள்ளைதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக்கரையில் ஐயர் முதலில் கேட்பது பெயரைத்தானே. பெயர் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். தூரத்துப் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு நமக்கு வேறு பாடம் தேவையில்லை.

கப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, ஐம்பது மீட்டருக்கும் கூடிய ஆழத்தில். ஏப்ரலில் கடல் அமர்ந்ததும் சுழியோடிகள் வெளிநாடுகளில் இருந்தும் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் நம் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். பித்தளைத் துண்டோ, போத்தலோ, எதையும் மேலே கொண்டுவர விடாதீர்கள். இறங்குமுன், இது மனிதர் அடங்கிய இடம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம், ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இறந்த திகதியைக் கொடுத்துத் தேடினால் பெயர்கள் வரும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர் கொடுங்கள். வயது, ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதட்டும். ஏப்ரல் 9 பள்ளிக்கூட விடுமுறைக்குள் விழுந்தால், அதற்கு முன் வரும் காலைக் கூட்டத்தில் நாலைந்து பெயரையாவது பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும். உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை.