ஊசிக்கு மாறினாலும் அந்த அரை மாத்திரை வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். டொராண்டோவில் கால்நடை மருத்துவராக வேலை செய்கிறேன். இன்று அடிசன் நோய் உள்ள நாய்களுக்கு மருந்து மாற்றுவது பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் அட்ரினல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் உப்பைக் காக்கிறது. கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன், பயமோ நோயோ வரும்போது உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அடிசன் நோயில் பெரும்பாலும் இரண்டுமே வற்றிவிடும். சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பே மந்தமாகி, உயிருக்கு ஆபத்தாகிவிடும். மனிதர்களில் இந்த நோயை 1855-இல் விவரித்தவர் தாமஸ் அடிசன்.

ராஜா என்று ஒரு பூடில், 20 கிலோ. அந்த இனத்தில் இந்த நோய் அதிகம். ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையில்தான் மூன்று வருடம் ஓடியது. 0.1 மில்லிகிராம் மாத்திரை தினமும் நான்கில் ஆரம்பித்து ஏழு வரை வந்துவிட்டது. இரவில் மூன்று முறை எழுந்து கதவைப் பிராண்டுவான். தண்ணீர்க் கிண்ணம் வைத்த கையோடு காலியாகிவிடும். அந்த மாத்திரைக்குக் கார்டிசால் போலக் கொஞ்சம் ஸ்டீராய்டு குணமும் உண்டு, தாகம் அதனால்தான். அதனால் டிஓசிபி என்ற ஊசிக்கு மாற்றினோம். ஏறக்குறைய மாதம் ஒரு முறை போட்டால் போதும்.

பத்தாம் நாள் ராஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டானாம், இரண்டு முறை வாந்தி, பின்னங்கால்கள் நடுங்கின. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம், பொட்டாசியம் இரண்டும் அளவோடு இருக்கின்றன! ஊசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

"பிரெட்னிசோலோன் கொடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அது. "அதுதான் ஊசி போட்டாச்சே டாக்டர், மாத்திரையெல்லாம் நிறுத்திட்டோம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நான்தான் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அந்த நாள் இன்னும் மனசை உறுத்துகிறது.

விஷயம் இதுதான். டிஓசிபி உப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். கார்டிசாலின் வேலையைச் செய்யாது. பழைய மாத்திரை சத்தமில்லாமல் அந்த வேலையிலும் கொஞ்சம் செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. ஆகவே ஊசிக்கு மாறும் நாயின் பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்தவே கூடாது. ராஜாவுக்குத் தேவைப்பட்டது 5 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, அவ்வளவுதான். அன்றைக்கு ஊசியாகவே ஸ்டீராய்டு கொடுத்து, சலைனும் ஏற்றினோம். மறுநாள் காலை என் கையிலிருந்தே சோறு வாங்கித் தின்றான்.

பட்டாசு வெடிக்கும் நாள், வீடு நிறைய விருந்தாளி, பயணம், இப்படி நாய் பதறக்கூடிய நேரங்களில் அந்த அரை மாத்திரையை ஒன்றாக்க வேண்டியிருக்கும். எந்தெந்த நாளில், எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. முதல் ஊசி போட்ட பத்துப் பதினான்கு நாளில் ஒன்று, 25-ஆம் நாள் ஒன்று. முதலாவது, அளவு சரியா என்று காட்டும். இரண்டாவது, ஊசி எத்தனை நாள் தாங்குகிறது என்று காட்டும். நாய் துள்ளி விளையாடுகிறதே என்று இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மருந்தின் லேபிளில் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் என்று இருக்கும். பல நாய்களுக்கு அதைவிடக் குறைவே போதும், ஆனால் ரத்தம் பார்க்காமல் குறைக்க முடியாது. ராஜாவுக்கு 44 மில்லிகிராமில் ஆரம்பித்தோம். இப்போது 30. இரவில் கதவைப் பிராண்டுவதில்லை, விடியும்வரை தூங்குகிறான் என்று அந்த அம்மா போன வாரம் சொன்னார்.