எத்தனை எண்களைச் சரிபார்த்தால் ஒரு தேற்றம் உண்மையாகும்?

வணக்கம் நண்பர்களே. இன்று வரவேண்டியது முடிவிலியைப் பற்றிய நம் காணொளித் தொடரின் அடுத்த பகுதி. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் கண்ட ஒரு பலகை என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பேசி முடிக்காமல் வேறு எதையும் என்னால் பேச இயலாது.

மாணவர்கள் நன்றாகவே உழைத்திருந்தார்கள். அட்டையில் வெட்டிய கூம்புகளும் நூல்கட்டிய பரவளையங்களும் அருமையாக இருந்தன. ஆனால் ஒரு பலகையில், 2-ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற கோல்டுபாக்கின் ஊகத்தை எழுதி, அதன் கீழே ‘கணினியால் நிரூபிக்கப்பட்டது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 1742-இல் கணிதவியலாளர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்டுபாக் எழுப்பிய அந்த ஊகம் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 4 × 10¹⁸ வரை கணினியால் சரிபார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அருகில் நின்ற பெரியவரிடம் இதைச் சொன்னேன். “இத்தனை எண்களுக்குச் சரியாக வந்த பிறகு இன்னும் என்ன சார் நிரூபணம் வேண்டும்?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இழிவாக எண்ணவில்லை. கணிதத்தின் மெய்யியலில் இதைவிட ஆழமான கேள்விகள் சிலவே உள்ளன. நான் பொறுக்கமாட்டாதது, அதற்கு விடை கிடைத்துவிட்டதைப்போல் பலகை எழுதிப் பிள்ளைகளிடம் காட்டுவதைத்தான்.

இப்போது எனக்குப் பின்னால் தொங்கும் ஃபிளக்ஸைப் பாருங்கள். கிடைமட்டத்தில் பத்து லட்சம் வரையிலான எண்கள். செங்குத்தில், அந்தந்த எண் வரை எத்தனை பகா எண்கள் உள்ளன என்ற எண்ணிக்கை. உண்மையான எண்ணிக்கையை நீலத்திலும், கணிதவியலாளர் காஸ் தம் பதின்பருவத்திலேயே மடக்கையை (லாகரிதத்தை)க் கொண்டு கண்ட மதிப்பீட்டின் செம்மையான வடிவத்தைச் சிவப்பிலும் வரைந்து கொடுத்தேன். நான்கடிக்கு மூன்றடி, சதுர அடி பதினைந்து ரூபாய், ஆக நூற்றெண்பது ரூபாய் என்பதுதான் பேச்சு. வடிவமைப்புக் கூலி என்று மேலும் நூற்றைம்பது கேட்டார்கள். வடிவமைத்தவன் நான், கோப்பைக் கொடுத்தவனும் நான். அவர்கள் செய்தது அச்சிட்டது மட்டுமே. அரைமணி நேரம் வாதாடி அந்த நூற்றைம்பதை விலக்கச்செய்தேன் என்பதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் அச்சான பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது: “சார், நீலக் கோடு விழவே இல்லை, மறுபடியும் அடிக்கட்டுமா?”

நீலக் கோடு விழுந்திருக்கிறது. பத்து லட்சம் வரை உள்ள பகா எண்கள் 78,498. சிவப்புக் கோடு தரும் மதிப்பீடு ஏறத்தாழ 78,628. வேறுபாடு 130. மூன்றடி உயரத் துணியில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. மேலே அச்சேறிய சிவப்பு, கீழே இருந்த நீலத்தை முழுவதும் மூடிவிட்டது. கேமராவை அருகில் கொண்டுவருகிறேன்; வலது ஓரத்தில் சிவப்பின் அடிவிளிம்பில் மயிரிழையாக நீலம் தெரிகிறதல்லவா? இன்றைய பேச்சு முழுவதும் அந்த மயிரிழையைப் பற்றியதுதான்.

சிவப்பு எப்போதும் மேலேயே இருக்கிறது. நூறு வரை 25 பகா எண்கள், மதிப்பீடு 30. ஆயிரம் வரை 168, மதிப்பீடு 178. பத்தாயிரத்தில் மிகை 17, ஒரு லட்சத்தில் 38, ஒரு கோடியில் 339, பத்துக் கோடியில் 754. மதிப்பீடு ஒருமுறைகூட உண்மையைவிடக் குறையவில்லை என்பதோடு, மிகையும் வளர்ந்துகொண்டே போகிறது. 10¹⁹ வரை இப்படித்தான் என்பதையும் சரிபார்த்துவிட்டார்கள். கோல்டுபாக்கின் ஊகத்தைச் சரிபார்த்த எல்லையைவிட இது பெரிது. பெரியவரின் அளவுகோலை வைத்தால், சிவப்பு என்றைக்கும் நீலத்துக்கு மேலேதான் என்பது தேற்றமாகிவிட வேண்டும்.

அது பொய். 1914-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் லிட்டில்வுட், நீலம் சிவப்பைக் கடந்து மேலே செல்லும் என்றும், ஒருமுறையல்ல, முடிவில்லாத முறை மாறிமாறிக் கடக்கும் என்றும் நிரூபித்தார். அப்படிக் கடக்கும் ஓர் எண்ணையேனும் குறிப்பாகச் சுட்டிக்காட்ட இன்றுவரை எவராலும் இயலவில்லை. 2000-இல் பேஸும் ஹட்சனும் செய்த கணக்கின்படி ஏறத்தாழ 1.398 × 10³¹⁶ அருகே ஒரு கடப்பு இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் கடந்துவிட்டேன், நம் ஊர்க்காரரைப் பற்றியது. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் இராமானுஜன் பகா எண்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வாய்பாடு தந்தார்; பிழை பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறிது என்று அவர் கருதினார். பகா எண்களின் எண்ணிக்கையோடு பிணைந்த சீட்டா சார்புக்குக் கலப்பெண் சுழிகளே (அதன் மதிப்பைச் சுழியாக்கும் கலப்பெண்களே) இல்லாவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி அமைந்த கோட்பாடு அது என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். அந்தச் சுழிகள் உண்டு. நீலம் சிவப்பைத் தாண்டுவதற்கும் அவையே காரணம். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இராமானுஜன் வாழ்ந்த வீட்டுத் திண்ணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் அந்த மாமேதையின் உள்ளுணர்வே இந்த இடத்தில் ஏமாந்தது என்றால், நிரூபணத்தை வெறும் சடங்கென்று ஒதுக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? இராமானுஜனைக் கொண்டாடும் ஊரில் அப்படியொரு பலகை இருந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது.

அப்படியானால் மாதிரியைப் பார்த்து முழுமையை முடிவு செய்வதே தவறா? இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி, வந்த ஒரு பிடி நெல்லை வைத்து, ஈரப்பதம் பதினேழு விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே வயல், ஒரே களம், ஒரே வெயில் என்பதாலும், குத்தூசி மூட்டையின் எந்த இடத்துக்கும் செல்லும் என்பதாலும் அந்த ஒரு பிடியை நம்பலாம். எண்களின் மூட்டையில் குத்தூசி வாய்ப்பக்கத்தை மட்டுமே தொடும். நாம் சோதிக்கும் எண்கள் எல்லாமே தொடக்கத்து எண்கள், மிகச் சிறியவை. 10¹⁹ என்பதும் முடிவிலிக்கு முன் சிறிய எண்ணே. மேலும், ஒவ்வோர் எண்ணும் தான் நிற்கும் இடத்தால் தனித்தன்மை பெறுகிறது. நெல்மணிகளைப்போல் அவை ஒன்றுக்கொன்று ஈடல்ல. பிற துறைகளில், மாதிரியிலிருந்து முழுமையை முடிவு செய்யும் தொகுத்தறிதலுக்கு நம்பகம் தரும் அந்த ஒருபடித்தான தன்மை எண்களிடம் இல்லை என்று ஜெர்மானியத் தருக்கவியலாளர் பிரேகெ 1884-இலேயே வாதிட்டார். அந்த வாதத்தை முதன்முறை படித்தபோது எழுந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

அறிவியல் கோட்பாடுகளுக்கு நிரூபணம் என்ற வசதி இல்லை. நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாடு இரண்டு நூற்றாண்டுகள் வானத்தைக் கணித்துக் காட்டியது. புதன் கோளின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) மட்டும் இடித்தது. அந்த இடிப்புக்கு 1915-இல் ஐன்ஸ்டைன் வேறொரு கோட்பாட்டிலிருந்து விளக்கம் தந்தார். இயற்பியலாளர் அளந்து, அளந்ததை நம்பி, நாளை அது மாறலாம் என்ற நிலையிலேயே வாழவேண்டியிருக்கிறது. கணிதத்துக்கு நிரூபணம் என்ற வேறொரு வழி இருக்கிறது. இருக்கும் வழியை விட்டுவிட்டு, இல்லாதவர் படும் பாட்டைத் தானாக ஏற்பானேன்?

சென்ற காணொளியின் கருத்துப் பகுதியில் சிலர் டச்சுக் கணிதவியலாளர் புரோவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரும் இங்கே வருகிறார். லிட்டில்வுட்டின் வாதம் இரண்டு கிளைகளாகப் போகிறது. சீட்டா சார்பின் கலப்பெண் சுழிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையும் என்ற ரீமான் கருதுகோள் பொய் என்றால் கடப்பு உண்டு. மெய் என்றாலும் கடப்பு உண்டு. ஆகவே கடப்பு உண்டு. அந்தக் கருதுகோள் மெய்யா பொய்யா என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஒரு கூற்று மெய்யாகவோ பொய்யாகவோதான் இருக்கவேண்டும், இடையில் வேறெதுவும் இல்லை என்ற நடுவிலக்கு விதியின் மேல்தான் இந்த வாதம் நிற்கிறது. 1908-இலேயே புரோவர், முடிவிலியைப் பேசும்போது அந்த விதியைக் கண்மூடி நம்பலாகாது என்று எழுதியிருந்தார். ஓர் எண் உண்டு என்று சொல்பவர் அதைக் கண்டடையும் வழியையும் தரவேண்டும் என்பது அவர் கட்சி.

புரோவரின் கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். அவருடைய முடிவை ஏற்கவில்லை. லிட்டில்வுட்டின் மாணவர் ஸ்கியூஸ், ரீமான் கருதுகோளை மெய்யெனக் கொண்டு 1933-இல் முதல் கடப்புக்கு ஒரு மேல் எல்லை தந்தார். அந்தத் துணையில்லாமலே 1955-இல் அதைவிடப் பன்மடங்கு பெரிய எல்லை ஒன்றைத் தந்தார். இதற்கிடையில், 1950களின் தொடக்கத்தில், கிரெய்சல் என்ற தருக்கவியலாளர், எதையும் சுட்டிக்காட்டாத அந்த நிரூபணத்தின் உள்ளேயே ஓர் எல்லை ஒளிந்திருக்கிறது, அதை முறைப்படி பிழிந்தெடுக்கலாம் என்று காட்டினார். நடுவிலக்கு விதியைத் தூக்கி எறியாமலே புரோவர் கேட்டதில் பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

கிரெய்சலின் முறையை விளக்க ஒரு தனிக் காணொளி வேண்டும். முடிவிலித் தொடர் முடிந்ததும் அதை எடுத்துக்கொள்வேன். அதற்குள் ஆயிரம் வரையிலான பகா எண்களைச் சல்லடைபோட்டு நீங்களே ஒரு தாளில் எண்ணி வையுங்கள். 168 வரவேண்டும்.