ஜான் லெனனை அசத்திய அந்தப் பாட்டு எந்தப் படத்தில் வந்தது?

1957 ஜூலை 6. லிவர்பூலின் வூல்ட்டன் பகுதியில் ஒரு தேவாலய விழா. 15 வயதுப் பையன் ஒருவன் கிட்டாரை எடுத்து, ஒரு வரி விடாமல் ஒரு பாட்டைப் பாடிக் காட்டுகிறான். எதிரே 16 வயதுப் பையன் அசந்துபோய் நிற்கிறான். பாடியது பால் மெக்கார்ட்னி. கேட்டது ஜான் லெனன். பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவில் சேர்ந்து பாடிய அதே இருவர்தான். பாட்டு, அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எடி காக்ரனின் 'ட்வென்டி ஃபிளைட் ராக்'. அது ஒரு சினிமாவில் வந்த பாட்டு!

வணக்கம் நண்பர்களே. பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1955-ல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தின் தொடக்கத்தில் ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' ஒலித்தது. முந்தைய வருடம் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்து, பெரிதாகப் போகாத பாட்டு. அதைப் படத்துக்குக் கொடுத்தது யார் தெரியுமா? கதாநாயகன் கிளென் ஃபோர்டின் மகன் வைத்திருந்த இசைத்தட்டு! படம் வந்ததும் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். சரி, 1956-ல் தயாரிப்பாளர் சாம் கட்ஸ்மேன் அந்தப் பாட்டின் பெயரிலேயே சின்ன பட்ஜெட்டில் ஒரு படம் எடுத்தார். பிரிட்டனில் பிள்ளைகள் தியேட்டர் நடைபாதையில் இறங்கி ஆட, சில ஊர்களில் படத்துக்கே தடை. அப்புறம் இதே மாதிரி ராக் அண்ட் ரோல் படங்கள் வரிசைகட்டின.

இப்போது என் செல்லப் படத்துக்கு வருவோம். 1956 கடைசியில் வந்த 'த கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்'. இயக்குநர் ஃபிராங்க் டாஷ்லின், கார்ட்டூன் படங்கள் எடுத்துப் பழகியவர். அது முதல் நிமிடத்திலேயே தெரியும். நாயகன் டாம் ஈவெல் சின்னக் கறுப்பு வெள்ளைச் சட்டத்துக்குள் நிற்கிறார். இது சினிமாஸ்கோப் படம் என்கிறார். திரை அப்படியே இரண்டு பக்கமும் விரிகிறது. கலர் படம் என்கிறார். கலர் வந்து நிறைகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டோமினோ, ஜீன் வின்சென்ட் என அன்றைய ராக் அண்ட் ரோல் பாடகர்கள் எல்லோரும் இதில் உண்டு. லெனனை அசத்திய 'ட்வென்டி ஃபிளைட் ராக்' வந்ததும் இதில்தான். காக்ரன் ஒரு டிவி பெட்டிக்குள் தோன்றி அதைப் பாடுகிறார். காதலியின் வீடு 20-வது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறிப் போய்ச் சேரும்போது ஆடுவதற்குத் தெம்பில்லை. எவ்வளவு அழகான கற்பனை!

இசைத்தட்டில் குரல்தான் கேட்கும். கிட்டாரை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள் என்பதை லிவர்பூல் பையன்களுக்குக் காட்டியது சினிமாத் திரை. அதனால்தான் கதை சுமாராக இருந்தாலும் இந்தப் படங்களை நான் தூக்கி வைத்துப் பேசுகிறேன்.

1968 செப்டம்பர் 18. பீட்டில்ஸ் 'பர்த்டே' பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அன்று இரவு பிபிசியில் இதே படம். வேலையைப் பாதியில் நிறுத்தி, பக்கத்திலிருந்த பால் மெக்கார்ட்னி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து பாட்டை முடித்தார்கள். இன்று 'பர்த்டே' பாட்டை ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அந்தத் துள்ளலில் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார், லிட்டில் ரிச்சர்டா, காக்ரனா? கமெண்டில் எழுதுங்கள்.