முந்நூறு விசிட்டிங் கார்டுகள்

வணக்கம் நேயர்களே.

1914 ஆகஸ்டில் ஐரோப்பா முழுக்கப் போர் மூண்டபோது ஒதுங்கி நின்ற பெரிய நாடு இத்தாலி. 1882 முதலே ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் கூட்டணியில் இருந்த நாடுதான். ஆனால் கூட்டணி தற்காப்புக்கு மட்டுமே, சண்டையை ஆஸ்திரியா அல்லவா தொடங்கியது என்று சொல்லி நடுநிலையை அறிவித்தது.

அப்புறம் பேரம் தொடங்கியது. பிரதமர் சலாண்ட்ராவும் வெளியுறவு அமைச்சர் சொன்னினோவும் இரு பக்கமும் பேசிப் பார்த்தார்கள். ஆஸ்திரியா தயங்கித் தயங்கிக் கொஞ்சம் நிலம் தர வந்தது. பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவும், ஆஸ்திரியாவின் வசமிருந்த டிரென்டினோ, டிரியெஸ்டே, இஸ்திரியா, டால்மேஷியாவில் ஒரு பகுதி என்று அள்ளிக் கொடுத்தன. அவர்கள் கையிலிருந்து போவது எதுவும் இல்லையே. டிரியெஸ்டேயில் இத்தாலியர்கள் ஆஸ்திரிய ஆட்சியில் வாழ்ந்ததும், அவர்களை மீட்கும் ஏக்கமும் உண்மை. ஆனால் டால்மேஷியாவில் பெரும்பாலோர் ஸ்லாவியர்கள். அதையும் சேர்த்துக் கேட்டபோதே அது மீட்பு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்பேன்.

1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு மாதத்துக்குள் போரில் இறங்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு இது தெரியாது.

மே மாதம், போர் வேண்டாம் என்ற முன்னாள் பிரதமர் ஜொலிட்டி ரோமுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போனார்கள். 'நாங்கள் உங்கள் பக்கம்' என்று அர்த்தம். சுமார் முந்நூறு கார்டுகள்! அது சபையின் பெரும்பான்மை. சலாண்ட்ரா ராஜினாமா செய்தார்.

ஆனால் தெருவில் போர் கேட்டுக் கூட்டம் திரண்டிருந்தது. கவிஞர் தனுன்சியோ மேடையேறி ஜொலிட்டியைத் துரோகி என்று முழங்கினார். மன்னர் ராஜினாமாவை ஏற்கவில்லை. ஜொலிட்டி ஊர் திரும்பினார். மே 20 அன்று அரசுக்குப் போர்க்கால அதிகாரம் கொடுக்க அதே சபை வாக்களித்தது: ஆதரவு 407, எதிர்ப்பு 74. கார்டு வைத்த கைகள் எத்தனை அந்த 407-இல் இருந்திருக்கும்! மூன்றே நாளில் ஆஸ்திரியா மீது போர்ப் பிரகடனம்.

இத்தாலியும் ஆஸ்திரியாவும் மோதிய இஸோன்ஸோ ஆற்றங்கரைப் போர்முனைக்கு அருகே ரெடிபுலியா என்ற ஊர். அங்கே மலைச்சரிவில் 22 பெரும் படிகளாக ஒரு கல்லறை. ஒவ்வொரு படியிலும் 'ப்ரெசென்தே' என்று திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்போமே, அந்தச் சொல்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் சுமார் 60,000 பேருக்குப் பெயரே தெரியாது.