லேகியச் சாமானைப் புரட்டாசியிலேயே வாங்கிவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கொலு பார்க்க வந்த இடத்தில் வீட்டு மருந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், சந்தோஷமாகச் சம்மதித்தேன், இதைப் பேசப் புரட்டாசியை விட்டால் சரியான மாதம் கிடையாது.

பகலில் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் இடியோடு மழை கொட்டுகிறது, வீட்டுக்கு வீடு இருமல். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். அதற்கு முந்தைய இந்தச் சாமான் காயவைக்கிற வெயிலைத்தான் நாம் வீணாக்குகிறோம். தீபாவளிக்கு முதல் நாள் கடைக்கு ஓடி லேகிய டப்பா வாங்குகிறோமே, அது வேண்டாம். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் இப்போதே வாங்கி, ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, லேசாக வறுத்து இடித்துச் சலித்து வைத்துவிடுங்கள். மழை பிடித்தபின் இடித்தால் பொடி ஈரம் இழுத்துக் கட்டிதட்டும், பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் கிண்டுவது பெரிய வேலையே இல்லை. பொடி ஒரு பங்கு என்றால் வெல்லம் இரண்டு பங்கு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதித்துக் கொஞ்சம் கெட்டியானதும் பொடியைத் தூவி, தீயைக் குறைத்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக்கொண்டே கிளறுங்கள், உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். தேன் சேர்ப்பது ஆறினபின். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பலகாரத்துக்கு முன்னால் சின்ன நெல்லிக்காய் அளவு போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் நாக்கில்கூடத் தடவாதீர்கள், பெரியவர்கள் யார் சொன்னாலும் சரி.

சுண்டலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெருங்காயமும் இஞ்சியும் மறக்காமல் இருந்தால் சரி.

பால்கனியில் ஒரு தொட்டி வைக்க இடமிருந்தால் ஓமவல்லி வையுங்கள், கற்பூரவல்லி என்போமே, அதேதான். ஒரு சாண் தண்டை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால்தான் அழுகும். சளிக்கு இரண்டு இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம், பிள்ளைகள் மூக்கைப் பிடித்தால் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுங்கள், ஒன்றுகூட மிஞ்சாது.

ஆனால் அந்தத் தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு இருக்கிறதே, அதில் நிற்கும் தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை, கட்டாயம். மீறிக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஓமவல்லித் தண்டு ஒரு பை நிறையக் கொண்டுவந்திருக்கிறேன், சுண்டல் வாங்கும் இடத்திலேயே இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.