ஏட்டில் எழுதப்படாத பிள்ளைகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சீனத்தில் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஹுகோ எனப்படும் ஒரு பதிவேடு உண்டு. அட்டை போட்ட சிறு ஏடு. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். பள்ளியில் சேரவும், அடையாள அட்டை பெறவும் அந்தப் பக்கம் வேண்டும்; 2025 வரை திருமணத்தைப் பதியவும் அது வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்ற அரசுத் திட்டம் நடப்பில் இருந்த காலத்தில், அனுமதியின்றிப் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் அபராதம் கட்டும்வரை, பல ஊர்களில் அதிகாரிகள் அந்தப் பக்கத்தை எழுத மறுத்தார்கள். அபராதமோ, அந்த வட்டாரத்தின் சராசரி ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்காக இருக்கும். அதைக் கட்ட முடியாத ஏழை வீட்டில் பிறந்த பிள்ளை, ‘கறுப்புப் பிள்ளை’ என்ற பெயரோடு வளர்ந்தது. பதிவில்லாதோர் எல்லோரையும் நிபந்தனையின்றிப் பதியுமாறு 2016 ஜனவரியில் அரசு அறிவித்தபோது, அவர்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. எல்லோருமே இத்திட்டத்தால் விடுபட்டவர்கள் அல்லர். ஆனால் பெரும்பகுதியினர் அப்படித்தான் விடுபட்டார்கள்.

இவ்வளவும் தேவைப்பட்டதா என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மக்கள்தொகை பெருகினால் வளர்ச்சி தடைப்படும் என்ற அச்சத்தில், 1980 செப்டம்பரில் பொதுவுடைமைக் கட்சி தன் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, ஒரு பிள்ளையோடு நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலேயே, தாமதமாக மணந்து, இடைவெளி விட்டு, குறைவாகப் பெறுங்கள் என்ற இயக்கத்தின் வழியே, ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் ஏறத்தாழ ஆறிலிருந்து மூன்றுக்கும் கீழாகக் குறைந்துவிட்டிருந்தார்கள். அந்த இயக்கத்திலும் வற்புறுத்தல் இல்லாமல் இல்லை. எனினும் 1983ஆம் ஆண்டில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்ட அளவுக்கு அது போகவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

கிராமங்களில் எதிர்ப்பு வலுத்ததால், முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெறலாம் என்று 1984இலிருந்து பல மாகாணங்களில் விதி தளர்ந்தது. கனிவாகத் தோன்றும் இந்த விதி, பெண் பிள்ளை அரைப் பிள்ளைதான் என்று அரசே ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. ஸ்கேன் கருவிகளும் பரவியபோது கருவிலேயே பெண்களைத் தவிர்த்தார்கள். 2004இல் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 121 ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். இன்று ஏழைக் கிராமங்களில், பெண் வீட்டாருக்குத் தரவேண்டிய பரியத்திற்காகக் குடும்பங்கள் கடன்படுகின்றன. நகரத்தில் தனி மகளாகப் பிறந்தவளுக்கோ, பங்கு போட அண்ணனோ தம்பியோ இல்லாததால், பெற்றோரின் சேமிப்பு முழுவதும் அவள் படிப்புக்குக் கிடைத்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

பொருளாதாரத்திலும் முதல் முப்பது ஆண்டுகள் சாதகமாகவே இருந்தன. ஊட்ட வேண்டிய வாய்கள் குறைந்து, உழைக்கும் கைகள் மிகுந்திருந்தன. அந்தக் கைகள் இப்போது மூப்படைந்துவிட்டன. 2020 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 26 கோடிக்கும் மேல். 2016இல் இரண்டு பிள்ளைகளுக்கும், 2021இல் மூன்றுக்கும் அனுமதி தரப்பட்டும், 2022இல் நாட்டின் மக்கள்தொகை குறையத் தொடங்கியது. வீட்டு விலையும் கல்விச் செலவும் ஏறிக்கிடக்க, தாத்தா பாட்டி நால்வர், பெற்றோர் இருவர் என்று மூத்தோர் அறுவரை நோக்கி நிற்கும் ஒற்றைப் பிள்ளை, இரண்டாவது குழந்தையைப் பற்றி எண்ணவும் தயங்குகிறது.

அந்த ஒற்றைப் பிள்ளையையும் விபத்திலோ நோயிலோ பறிகொடுத்த பெற்றோருக்குச் சீன மொழியில் தனிப் பெயரே உண்டு, ‘ஷிடு’ என்கிறார்கள். ஒன்றே போதும் என்று ஒப்புக்கொண்டதற்காக அரசு தந்த பாராட்டுச் சான்றிதழ் அவர்கள் வீட்டில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் சேரவோ அறுவை சிகிச்சைக்கோ போனால், பிள்ளையின் கையொப்பம் எங்கே என்று அவர்களைக் கேட்கிறார்கள்.